மலாயாப் பல்கலைக் கழகமும் ஒரு வெள்ளியும்

மதுரைச் சீமையிலிருந்தும், வைகை பாய்ந்து செல்லும் கிழக்குச் சமவெளியிலிருந்தும் மலாயாவுக்குச் சபர் போன முஸ்லிம் குடும்பங்கள் பல. சபராளி என்ற சொல்லே அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போனவரைக் குறிக்கும் சொல்லாக நம் பேச்சில் நிலைத்துவிட்டது. அந்தச் சபராளிகள் கொண்டு வந்த பெட்டிகளைப் பற்றியும், ஊரில் கட்டிய வீடுகளைப் பற்றியும், எழுப்பிய பள்ளிவாசல்களைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால், அவர்கள் உழைத்த நாட்டில் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்ததும் ஆங்கில அரசாங்கம் ஒரு பல்கலைக் கழகத்தை எழுப்ப முற்பட்டதே, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போயிற்று, எதற்குப் போகாமல் நின்றது என்னும் கேள்விகளை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு எழுப்பவில்லை.

இதைப் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. நாகமலைச் சாரலில் இருக்கும் நம் மதுரை காமராசர் பல்கலைக் கழகம் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆசிரியர்களுக்கு ஊதியமும், ஓய்வு பெற்றோர்க்கு ஓய்வூதியமும் உரிய நாளில் தர இயலாமல் தவித்ததை நாளேடுகளில் வாசித்தோம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென்று ஓர் இருக்கையை அமைத்துத் தந்த பல்கலைக் கழகம் அது. அரசாங்கத்தின் பணமும் சமுதாயத்தின் பணமும் ஒரே உண்டியலில் விழும்போது எது எவ்வாறு செலவாகிறது என்பதை அறிந்து கொள்ள, மலாயாவின் கதையை விடத் தெளிவான பாடம் வேறு நமக்குக் கிடைப்பது அரிது.

கதை போருக்கு முன்பே தொடங்குகிறது. 1904-இல் சிங்கப்பூரின் சீனப் பெருவணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் ஊர்ப் பிரமுகர்கள், தங்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று கவர்னருக்கு மனுக் கொடுத்தனர். கவர்னர் மறுக்கவில்லை, 71,000 வெள்ளியை நீங்களே திரட்டிக் கொடுங்கள் என்றார். மக்கள் 87,077 வெள்ளி திரட்டினர். அவற்றுள் 12,000 டான் ஜியாக் கிம் தாமே அளித்தது. மறு ஆண்டு பள்ளி திறக்கப்பட்டது. அரசாங்கம் அதற்கு ஒதுக்கிய இடம் எது தெரியுமா? சிப்பாய் லைன்ஸ் பகுதியில், பெண் மனநோயாளிகளை முன்பு வைத்திருந்த பழைய விடுதி. பணம் ஊராருடையது, பின்னர் ஒட்டிக்கொண்ட பெயரோ ஏழாம் எட்வர்டு மன்னருடையது. மன்னர் நினைவு நிதியிலிருந்து ஒரு தொகை வந்து சேர்ந்ததற்காக அந்தப் பெயர். முதலில் திரட்டிக் கொடுத்தவர்கள் பாட புத்தகங்களின் அடிக்குறிப்புகளில் வாழ்கிறார்கள்.

இதையடுத்து 1919-இல், சிங்கப்பூர் நகரத்தின் நூற்றாண்டை ஒட்டி, ராபிள்ஸ் கல்லூரி என்ற திட்டம் எழுந்தது. வகுப்புகள் தொடங்கியது 1928-இல். இவ்விரு கல்லூரிகளையும் இணைத்துப் பல்கலைக் கழகமாக்கலாமா என்று ஆராய மக்லீன் தலைமையில் ஒரு குழு வந்தது. இன்னும் காலம் வரவில்லை என்று 1939-இல் அது எழுதிவைத்துவிட்டுப் போயிற்று. உலகச் சந்தைக்கு ரப்பரையும் ஈயத்தையும் அள்ளிக் கொடுத்துக் கொண்டிருந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக் கழகம் தாங்காதாம்!

பின்னர்ப் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வீழ்வதற்கு முதல் நாள், குண்டடிபட்டு இறந்த தங்கள் நண்பன் ஒருவனை அடக்கம் செய்து கொண்டிருந்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, பதினொருவர் மாண்டனர். ராபிள்ஸ் கல்லூரி வளாகம் ஜப்பானியப் படைத் தலைமையின் இருப்பிடமாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அவர்களுள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அடங்குவர் என்பதை நினைவிற் கொண்டே மேற்கொண்டு வாசிக்க வேண்டும்.

1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். மறு ஆண்டு இரு கல்லூரிகளும் திறக்கப்பட்டன. முன்பு காலம் வரவில்லை என்று சொன்ன அதே அரசாங்கத்திற்கு இப்போது காலம் வந்துவிட்டது! 1947-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் தலைவர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் குழு அமைந்தது. மற்றக் காலனிகளில் எழுந்த கல்லூரிகள் லண்டன் பல்கலைக் கழகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடை பழக வேண்டும் என்று அஸ்குவித் குழு 1945-இல் விதித்திருந்தது. ஆப்பிரிக்காவில் இபாடானும், மேற்கிந்தியத் தீவுகளில் ஜமேக்காவும் அவ்வாறே தொடங்கின. மலாயாவுக்கு மட்டும் அந்தப் பயிற்சிக் காலம் வேண்டாம், நேரே முழுப் பல்கலைக் கழகமாகட்டும் என்றது கார்-சாண்டர்ஸ் குழு. 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் பிறந்தது.

பத்தாண்டுக்குள் இந்த மனமாற்றம் ஏன்? இதைக் கொடை மனம் என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. போருக்குப் பின் பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அதற்கு அமெரிக்க டாலரை மிகுதியாகத் தேடித் தந்த காலனி மலாயா. அந்த நாட்டை உடனே விடவும் மனமில்லை, என்றென்றும் பிடித்து வைத்திருக்கவும் வழியில்லை. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அப்படிப்பட்ட வேளையில், ஆட்சியை ஒருநாள் ஒப்படைப்பதற்கு ஆங்கிலம் கற்ற, தங்களிடம் நல்லெண்ணம் கொண்ட ஒரு வகுப்பாரை உருவாக்குவது அரசாங்கத்தின் தேவையாயிற்று. காலனிகளின் வளர்ச்சிக்கும் நலனுக்கும் என்று 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாண்டுக்கு 12 கோடி பவுன் ஒதுக்கியதாக அவர்கள் பெருமையாகச் சொல்லிக் கொண்டனர். எல்லாக் காலனிகளுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ரப்பர் மரத்தில் விடியற்காலையில் கத்தி வைத்துப் பால் வடித்தவனின் உழைப்பு டாலராக லண்டன் போய், அதில் ஒரு சிறு பங்கு உதவித்தொகை என்ற பெயரோடு திரும்பி வந்தது என்று கணக்கு எழுதினால் தவறாகாது.

ஹாங்காங்கில் நிலைமை இன்னும் விசித்திரம். 1911-இல் நிறுவப்பட்ட அவ்வூர்ப் பல்கலைக் கழகத்தின் கட்டடங்கள் போர்க்காலத்தில் கொள்ளை போயின. கதவு, சன்னல், தரைப் பலகை வரை விறகுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்ததும் அதை மீண்டும் நிறுவுவதா, விட்டுவிடுவதா என்பதையே ஆராய ஒரு குழுவை 1946-இல் வைத்தார்கள். 1953-இல் கூட அதன் வருங்காலம் பற்றி அறிக்கை கேட்க நேர்ந்தது. அறிக்கை எழுதிய இருவருள் ஒருவர் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். அவரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இலங்கைக்கு மீண்டும் வருவோம்.

மலாயாவில் பணம் எவ்வாறு நடந்து கொண்டது? நிலையான வளாகம் ஜோகூர் பாருவில் அமையட்டும் என்று குழு பரிந்துரைத்தது. சிங்கப்பூருக்கும் கூட்டரசு மலாயாவுக்கும் பொதுவான இடம் என்பது நியாயம். ஆண்டுகள் ஓடின, செலவுக் கணக்கு ஏறிற்று, ஜோகூர் பாருத் திட்டம் காகிதத்தோடு நின்றது. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பகுதி தோன்றி, 1959-இல் இரண்டும் தன்னாட்சி பெற்ற பிரிவுகளாகி, 1962 ஜனவரி முதல் நாள் இரண்டு பல்கலைக் கழகங்களாகப் பிரிந்தன. எழும்பாத வளாகத்திற்காகப் பேசிக் கழித்த ஆண்டுகள் எத்தனை! கட்டடம் எங்கே என்ற வழக்கு நடக்கும்போது, உள்ளே எதைக் கற்பிப்பது என்ற கேள்வி தாழ்வாரத்தில் காத்திருந்தது.

காத்திருந்தவற்றுள் நம் மொழியும் ஒன்று. மருத்துவம், அறிவியல், ஆங்கிலம், வரலாறு ஆகியவை பழைய கல்லூரிகளோடு கூடவே வந்தவை. நாட்டு மக்களின் மொழிகளுக்கான துறைகள் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்தன. மலாய், சீனத் துறைகள் 1950-களின் தொடக்கத்தில் அமைந்தன. இந்தியத் துறை 1956-இல்தான் அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டு, துறையை எப்படி அமைப்பது என்று யோசனை கூறச் சென்னையிலிருந்து வரலாற்றுப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். பெரும் புலமை வாய்ந்தவர், ஐயமில்லை. ஆனால், அவருடைய யோசனைகள் வடமொழியை முன்னிறுத்தித் தமிழைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்று மலாயாத் தமிழரிடையே கொதிப்பு எழுந்தது. அந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். தோட்டத்துப் பள்ளியில் ஆறு வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுப் பால்மரத்துக்குப் போகிறவனுடைய பிள்ளைக்கு, பல்கலைக் கழகத்தில் அவன் மொழி இரண்டாம் இடத்தில் இருக்கும் என்றால் யார் பொறுப்பார்கள்?

தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அப்போது செய்ததுதான் இந்த வரலாற்றின் உயிரான பகுதி. திருவாரூரிலிருந்து போனவர், 1935-இல் அந்த ஏட்டைத் தொடங்கியவர். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரால் ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். மலாயாத் தமிழில் வெள்ளி என்றால் டாலர் என்பது சபராளிக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரும், துறைமுகக் கூலியாட்களும், கடைச் சிப்பந்திகளும் தந்தார்கள். அந்தப் பணம் பல்கலைக் கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்களாகப் போயிற்று. துறையிலே தமிழ் உரிய இடம் பெற்றது.

இங்கே நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. சாரங்கபாணி கட்டடம் கட்டித் தருகிறோம் என்று சொல்லவில்லை. பெயர்ப் பலகை கேட்கவில்லை. நூல்களுக்கென்று பணம் திரட்டினார். கட்டடத்தின் பயனை நாளை வேறொரு அதிகாரி மாற்றிவிடலாம். பொது நிதியில் கலந்த பணம் எந்தக் குழாய் வழியாக ஓடிற்று என்று கண்டுபிடிக்க இயலாது. அலமாரியில் அடுக்கிய தமிழ்ப் புத்தகத்தை யாரும் வேதியியல் புத்தகமாக மாற்ற முடியாது. அந்தத் துறை 1959-இல் கோலாலம்பூருக்கு மாறிற்று. 1961-இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடியது. அந்த மாநாட்டு வரிசையில் ஐந்தாவது, 1981 ஜனவரியில் நம் மதுரையில் நடந்தது. தமுக்கம் மைதானத்தையும் வைகைக் கரையையும் நிறைத்த அந்த மாநாட்டுக் கூட்டத்தை நினைக்கும் மதுரைக்காரர்கள், அதற்கான வித்துகளுள் ஒன்று தோட்டத் தொழிலாளியின் மடியிலிருந்து அவிழ்ந்த ஒரு வெள்ளி என்பதையும் சேர்த்து நினைப்பது நலம்.

நம் சமுதாயத்தாரின் பங்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வெள்ளி கொடுத்தவர்களை மதம் பிரித்து எண்ணுவது அந்தக் கொடைக்கே இழுக்கு. ஆனால், போர் ஓய்ந்த உடனே, அரசாங்கம் கல்லூரிக் கதவுகளைத் திறந்து கொண்டிருந்த அதே 1946-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் மற்றொரு கதவும் திறந்தது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். நெசவு நலிந்து ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள். ஆண்கள் தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் வேலை பார்த்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அவர்கள் தங்கள் பள்ளிக்குச் சூட்டிய பெயர் உமறுப் புலவர். மன்னர் பெயரும் கவர்னர் பெயரும் கல்வி நிலையங்களின் நெற்றியில் மின்னிய நாட்டில், சீறாப்புராணம் பாடிய புலவர் பெயரால் ஒரு பள்ளி! 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் தமிழ் வழியே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றுதான். ஆங்கில வழிக் கல்விக்கே பெற்றோர் ஓடிய காலத்தில் மாணவர் தொகை தேய்ந்து, 1982-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் தமிழ்மொழி நிலையம் ஒன்றில் தொடர்ந்தது.

சீனர் கதை இதனினும் பெரிது. 1953-இல் டான் லார்க் சை ஐம்பது இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்து, சீன மொழியில் ஒரு பல்கலைக் கழகம் எழுப்ப அழைப்பு விடுத்தார். ரிக்சா ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956-இல் நன்யாங் பல்கலைக் கழகத்தில் பாடங்கள் தொடங்கின. டான் லார்க் சையின் குடியுரிமை பின்னர் அரசியல் காரணத்தால் பறிக்கப்பட்டது. 1980-இல் அந்தப் பல்கலைக் கழகமும் அரசாங்கப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. அள்ளிக் கொடுத்த சமுதாயம் வெறும் பார்வையாளராய் நின்றது. கிள்ளிக் கொடுத்த தமிழரின் நூல்களோ அவற்றுக்குரிய வேலையைச் செய்தன. கொடையின் அளவை விடக் கொடையின் உருவம் முக்கியம் என்று நாம் கருதுவதற்கு இந்த ஒப்புமையே காரணம்.

நம் மார்க்கச் சட்டம் இதை நெடுங்காலத்திற்கு முன்பே தெளிவாக்கி வைத்திருக்கிறது. வக்ஃபு செய்கிறவர் முதலை நிறுத்தி, அதன் விளைவை வழங்குகிறார். அவர் விதித்த நியாயமான நிபந்தனையை முத்தவல்லி தம் விருப்பப்படி மாற்ற முடியாது என்பது ஃபிக்ஹு நூலார் அனைவரும் போற்றும் விதி. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் எத்தனையோ ஆட்சிகள் மாறிய பின்னும் நிலைத்ததற்கு வக்ஃபுகளே பெரும் துணை. (நம் ஊர்களில் வக்ஃபு நிலங்கள் போன வழியை இங்கே எழுதப் புகுந்தால் இந்த ஏடு போதாது.) அரசாங்க மானியமோ ஆண்டுதோறும் கையேந்திப் பெறுவது. இந்த ஆண்டு அமைச்சருக்கு மனம் உண்டு. அடுத்த ஆண்டு தணிக்கையாளருக்கு ஆட்சேபம் உண்டு.

இனி இலங்கைக்கு வருவோம். ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசியது 1942 ஏப்ரலில். மூன்று மாதம் நிறைவதற்குள், ஜூலை முதல் நாள், இலங்கைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. போர் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. காரணம் எளிது: அங்கே 1931 முதல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது, கல்வி அமைச்சர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் அவர்கள் குரலுக்கு மதிப்பிருந்தது. அதே பேரரசு, அதே போர். ஆனால், முடிவெடுத்த மன்றம் வேறு. மலாயாவில் அத்தகைய மன்றம் அப்போது இல்லை.

அந்த இலங்கைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயின்று, தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்து 1953-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய இருக்கை அமைந்தபோது, அதில் அமர வந்தவரும் அவரே. பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு தொகுதி தொகுதியாக அப்பல்கலைக் கழகத்திலிருந்து வெளிவந்தது. மசலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து என்று நம் வீட்டுப் பெண்மணிகள் ராகம் போட்டு ஓதி வந்த பாடல்களுக்கெல்லாம் இலக்கிய வரலாற்றில் இருப்பிடம் தந்த நூல் அது. மலாயாவில் இந்தியத் துறை அமைந்தபோது தமிழுக்கே போராட வேண்டியிருந்தது. தமிழுக்குள் நம் இலக்கியத்திற்கு இடம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அது எழுந்து, விடையும் பெற்ற இடம் மதுரை.

ஆகவேதான் நாகமலையில் பணமுடை என்ற செய்தி நமக்கு வெறும் ஊர்ச் செய்தியாகப் படவில்லை. தொலைநிலைக் கல்வி வருவாய் குறைந்ததும், தணிக்கைத் தடைகளும், அரசு நிதியில் ஏற்பட்ட இழுபறியும் அந்த முடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் எதை முதலில் சுருக்கும்? மலாயாவில் எது கடைசியாகச் சேர்க்கப்பட்டதோ அதைத்தான் எங்கும் முதலில் சுருக்குவார்கள். மொழித்துறை, ஏட்டுச்சுவடி, சிறுபான்மை இலக்கியம் ஆகியவற்றுக்காகச் சட்டமன்றத்தில் மேசையைத் தட்டுவார் எவரும் இல்லை.

இந்நிலையில் நம் செல்வந்தர் சிலர், பல்கலைக் கழகத்திற்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்து உதவினால் என்ன என்று கேட்கக்கூடும். நல்ல எண்ணம். ஆனால், பொது நிதியில் போடும் பணம் மாதச் சம்பளத்தில் கரையும். அது அரசாங்கத்தின் கடமை, அதை அரசாங்கமே செய்யட்டும். நாம் கொடுப்பது இன்னதற்கு என்று எழுத்தில் கட்டுண்டதாக, முதல் கரையாததாக, ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமையோடு கூடியதாக இருக்க வேண்டும்.

பணத்திற்கு முன்பே கொடுக்க வேண்டிய பொருளும் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இளையான்குடியிலும், கீழக்கரையிலும், மதுரை நகரின் பழைய முஸ்லிம் தெருக்களிலும் பரண்மேல் துணி சுற்றிக் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் கையெழுத்துப் படிகளும் ஆண்டுதோறும் கரையானுக்கு இரையாகின்றன. வீட்டுப் பெரியவர் மவுத்தானதும் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போகின்றன. அவற்றைப் பட்டியலிடவும், படம் எடுத்து வைக்கவும் ஆகும் செலவு நம் ஊர்ப் பெரிய கல்யாணம் ஒன்றின் பந்திச் செலவை மிஞ்சாது. ஜமாஅத்துகள் அதை முதலில் முடித்து, எந்தக் கிதாபு யார் வீட்டது என்ற பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு, அதன் பிறகே பல்கலைக் கழகத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மூலப் படிகள் எவ்விடத்தில் இருக்கும், துறை சுருங்கினால் அவை யார் கைக்குத் திரும்பும் என்னும் இரண்டையும் பத்திரத்தில் எழுதி வாங்கிய பின்பே ஒப்படைக்க வேண்டும்.